மானியம் தயார், வீடுதான் தேவை

வாங்குகிற உத்தியோகம் சுலபம், கொடுக்கிற உத்தியோகம்தான் கஷ்டம் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். இரண்டு வருடம் கொடுக்கிற உத்தியோகத்தில் இருந்து செருப்பு தேய்ந்தவள் நான். அரசு அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்று கால் கடுத்தவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள்தான். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தேனே தவிர, கடுப்பு எனக்கும் அதே கடுப்புதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஐந்தாறு வருடங்களை நினைத்துப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை காலையில் மாமரம் நின்ற இடத்தில் சாயங்காலம் புரொமோட்டர் போர்டு நிற்கும். அந்த வேகத்தைப் பார்த்து எங்கள் நகராட்சிக்கு (பெயர் வேண்டாம், பாவம்) ஒரு நல்ல புத்தி வந்தது. பழைய வீட்டை இடிக்காமல் பழுதுபார்க்கிறவர்களுக்கு மானியம் கொடுப்பது என்று தீர்மானம் போட்டார்கள். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. மனு வாங்குவது, டேப் பிடிப்பது, போட்டோ எடுப்பது, வரைபடம் போடுவது எல்லாம் நான். கையெழுத்துப் போடுவது மட்டும் மேலே இருக்கிறவர்கள்.

விதிகளைக் கேளுங்கள். வீட்டுக்கு எழுபத்தைந்து வயது தாண்டியிருக்க வேண்டும். பழுது இருக்க வேண்டும். ஆனால் விழுந்திருக்கக் கூடாது. முகப்பை மாற்றக் கூடாது. பங்குதாரர் அத்தனை பேரும் சம்மதித்து, என் கண் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது வருட மார்ச் முடிவதற்குள் ஒரு வீட்டுக்கும் கொடுக்கவில்லை என்றால் பணம் வந்த வழியே திரும்பிப் போகும், நானும் போவேன். சேர்ந்த முதல் நாளே ஹெட் கிளார்க் பலராமன் சார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எனக்கு உபதேசம் செய்தார்: "கொடுக்கலைன்னா மேல இருந்து ஒரு கேள்விதாம்மா வரும். கொடுத்தா ஒம்பது கேள்வி வரும். பார்த்து நடந்துக்கோ."

தெருவிலேயே பழைய வீடு

முதல் மனு அஸ்தினாபுரத்திலிருந்து வந்தது. நான் குஷியில் ஃபைலுக்குப் புது நாடா வாங்கிக் கட்டினேன். போய்ப் பார்த்தால் கான்கிரீட் வீடு. மாடிப்படிக்கு ஸ்டீல் கைப்பிடி. வீட்டுக்காரர் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவர். "சார், பழைய வீடு எங்க?" என்று கேட்டேன். "இதுதாம்மா. பன்னெண்டு வருஷம் ஆச்சு. நான் குடிவரும்போது இந்தப் பக்கம் ஒரு வீடு கிடையாது. ராத்திரி நரி ஊளையிடும். இந்தத் தெருவுக்கே இதுதான் பழைய வீடு, யாரை வேணா கேளுங்க" என்றார்.

எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "ஆமா மேடம், இவருதான் ஃபர்ஸ்ட்" என்று சாட்சியே சொல்லிவிட்டார். எழுபத்தைந்து வருடம் என்ற விதியை நான் எடுத்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உள்ளே போய், நான் கொடுத்திருந்த மனு ரசீதை எடுத்து வந்தார். மனக்கணக்குப் போட்டார். பிறகு ரசீதை என்னிடம் நீட்டிச் சொன்னார்: "அப்போ இன்னும் அறுபத்து மூணு வருஷம் இருக்கு. இந்த நம்பரை மட்டும் யாருக்கும் கொடுத்துடாம அப்படியே வச்சிருங்கம்மா."

நடு ரூம்

இரண்டாவது மனுதான் அசல். ரயில் பாதைக்கு மேற்கே, ஒரு காலத்தில் தோல் வியாபாரிகள் வசித்த தெருவில் அந்த வீடு இருந்தது. முகப்பு வளைவிலேயே கட்டிய வருடத்தைச் சுண்ணாம்பில் எழுதி வைத்திருந்தார்கள். அதனால் வயதுத் தகராறு இல்லை. மனு கொடுத்தவர் ஹமீதா அக்கா. அவருடைய கணவர் ஜமால் பாய்க்கு ஸ்கூட்டர் சீட் கவர் தைக்கிற கடை. வீடு ஜமால் பாயின் அப்பா பேரில் இருந்தது. அவர் காலமாகிவிட்டார்.

அக்கா என்னை நேராக நடு ரூமுக்குக் கூட்டிப்போய் மேலே காட்டினார். தேக்குச் சட்டங்களுக்கு மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பு பூசிய பழைய மெட்ராஸ் டெரஸ் அது. சட்டங்களில் இரண்டைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. கூரைக்குக் கீழே நாலு மூலையிலும் ஆணி அடித்து ஒரு பெட்ஷீட்டைக் கட்டியிருந்தார்கள். உதிர்கிற காரை அதில் விழுந்து தொந்தியாகத் தொங்கியது. "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அவுத்துக் கொட்டுவேன். போன வருஷம் ஒரு முறம் வந்துச்சு. இப்ப ரெண்டு முறம் வருது" என்றார், ஏதோ மகசூல் சொல்வதுபோல. ஐந்து பேர் முன் அறைக்குக் குடிமாறியிருந்தார்கள். டீ கொடுத்தார், டம்ளர் மேல் சாஸரைக் கவிழ்த்து. சாஸரைத் தூக்கிக் குடித்துவிட்டு உடனே மூடிவிட வேண்டுமாம்.

இன்னொரு மழைக்காலத்தை அந்தக் கூரை தாங்காது என்று எனக்கே தெரிந்தது. விழுந்தால் விதிப்படி மானியம் கிடையாது. மானியம் இல்லாவிட்டால் இடம் புரொமோட்டர் கைக்குப் போகும். பாகம் பிரித்தால் ஜமால் பாய்க்கு வருவதில் ஒரு சமையல்கட்டு கூட வாங்க முடியாது. "சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்க்கா" என்று பெரிய அதிகாரி மாதிரி வாக்குக் கொடுத்தேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்: "விழறதுக்கு முன்னாடி வாங்கம்மா. விழுந்த பிறகு வர்றதுக்கு ஃபயர் சர்வீஸ் இருக்கு."

பெண் பார்க்கப் போனதுபோல்

கிழக்குத் தாம்பரத்தில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவருடைய பூர்வீக வீடு. மனுவோடு சேர்த்துப் பின்சுவர் விரிசலைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். எங்கே ஆரம்பித்து, எங்கே வளைந்து, எந்த ஜன்னல் பக்கமாக இறங்குகிறது என்று நதியைப் பற்றி எழுதுவதுபோல் எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விதிப்படி பத்து நாள் முன்னதாகவே "ஆய்வுக்கு வருகிறோம்" என்று தபால் போட்டேன். நான் செய்த தப்பு அது.

போய் இறங்கினால் வீடு வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறித்தது. கதவில் புது எனாமல், தொட்டால் ஒட்டியது. வாசலில் படிக்கோலம். உள்ளே கேசரி, பஜ்ஜி, காபி. பக்கத்து வீட்டு மாமிகள் இரண்டு பேர் என்னைப் பார்ப்பதற்கென்றே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பாடச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு விரிசல், ஒரே ஒரு விரிசல் கண்ணில் படவேண்டுமே! அந்த ஜீவநதி விரிசலில் சிமென்டை அடைத்துப் பூசி, அதன்மேல் ஒரு காலண்டரையும் மாட்டியிருந்தார்கள். பழுது இல்லாத வீட்டுக்கு மானியம் இல்லை, அதிலும் சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் நிச்சயம் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாமி மட்டும் அசரவில்லை: "நாலு பேர் வரப்போ வீடு அலங்கோலமா இருந்தா நன்னாவா இருக்கும்? உங்களுக்கு விரிசல்தான் வேணும்னா வாயைத் திறந்து சொல்லுங்கோ, கொத்தனார் இன்னும் கிளம்பலை, கொல்லைப்பக்கம் காபி சாப்பிட்டுண்டிருக்கான்."

தாத்தா செத்த வீடு

வயதுச் சான்று என்பது பெரிய தலைவலி. மனிதர்களுக்கே பிறந்த தேதி சரியாகத் தெரியாத ஊரில் வீட்டுக்கு எங்கே போவது? பொழிச்சலூர் எல்லையை ஒட்டி, விமானம் தலைக்கு மேலே உரசிக்கொண்டு போகும் தெருவில் முனுசாமி என்பவருக்கு ஒரு நல்ல ஓட்டு வீடு இருந்தது. பார்த்தாலே தெரியும் பழசு என்று. ஆனால் காகிதம் எதுவும் இல்லை. "எதாவது ஒரு பழைய டாக்குமென்ட் கொண்டாங்கண்ணா" என்றேன். மறுநாள் பாலிதீன் உறையில் பத்திரமாகச் சுற்றி அவருடைய தாத்தாவின் இறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்தார்.

"எங்க தாத்தா இந்த வூட்லதான் மேடம் செத்தாரு. அப்போ வூடு இருந்துச்சுன்னுதானே அர்த்தம்? வூடு இல்லாம எங்க சாவுறது?" என்றார். அப்படியே பலராமன் சார் மேஜைக்குக் கொண்டுபோனேன். அவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செத்தது தெரியுது. எந்த வீட்ல செத்தார்னு போடலையே, ஊர்ப் பேர்தான் போட்டிருக்கு" என்றார். முனுசாமி அண்ணாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. உறையை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னா சார் பேஜாரா கீது! சாவும்போது அவரு டோர் நம்பர் சொல்லிட்டுச் சாவலை, அது எங்க தப்புதான், உட்ருங்க."

ஒரே கடையில் இரண்டு ஜெராக்ஸ்

தங்கவேலு என்று ஒரு வீட்டுச் சொந்தக்காரர். கம்பீரமான மனு கொடுத்திருந்தார். "எனது இல்லம் நூறாண்டு கண்டும் இரும்பென நிற்பது, சிறு பழுதுகள் நீக்கினால் இன்னும் நூறாண்டு நிற்கும்" என்று இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டின் முன்பகுதியில் செல்வம் என்பவர் வாடகைக்கு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். நான் டேப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாக வெளியே வந்து இரண்டு தாள்களை என் கையில் கொடுத்தார். ஒன்று எங்களுக்கு வந்த மனுவின் நகல். இன்னொன்று கோர்ட்டில் தங்கவேலு போட்டிருந்த வழக்கின் நகல். அதில், "கட்டடம் எந்நேரமும் இடிந்து விழும் அபாயத்தில் உள்ளது, உடனே இடித்தாக வேண்டியிருப்பதால் வாடகைதாரரைக் காலி செய்ய உத்தரவிட வேண்டும்" என்று இருந்தது. "ரெண்டையும் என் கடையிலதான் மேடம் ஜெராக்ஸ் எடுத்தாரு. ஒரே நாள்ல. எனக்கு ஒரு காப்பி எக்ஸ்ட்ரா போட்டுக்கிட்டேன்" என்றார் செல்வம்.

இரண்டையும் தங்கவேலு சாரிடம் காட்டி, எது உண்மை என்று கேட்டேன். விழப்போகிற வீடா, நூறாண்டு நிற்கப்போகிற வீடா? அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. கூறுகெட்ட பெண்ணுக்குப் பாடம் சொல்கிற பொறுமையோடு சொன்னார்: "கோர்ட்ல சொன்னது கோர்ட்டுக்கும்மா, ஆபீஸ்ல சொன்னது ஆபீஸுக்கு. ரெண்டையும் நீங்க ஏன் ஒரே ஃபைல்ல வைக்கிறீங்க?"

கோவிலம்பாக்கத்து அண்ணன்

இப்படியே முதல் வருடம் போய், இரண்டாம் வருடத்தில் பொங்கலும் போய்விட்டது. நடு ரூம் கூரை மூங்கில் முட்டில் எப்படியோ மழையைத் தாண்டியிருந்தது. கையில் உயிரோடிருந்த ஒரே ஃபைல் ஹமீதா அக்காவுடையது. அதிலும் ஒரு முடிச்சு. ஜமால் பாயோடு பிறந்தவர்கள் பல பேர். அவர்களுடைய அப்பாவுக்குப் பிறகு காலமான ஓர் அக்காவின் பிள்ளைகளும் பங்குதாரர்கள். மொத்தம் பன்னிரண்டு கையெழுத்து. ஒருவர் மேல்விஷாரத்தில், ஒருவர் புளியந்தோப்பில், ஒருவர் துபாயில். அதுகூடப் பரவாயில்லை. மூத்த அண்ணன் கபீர் பாய் கோவிலம்பாக்கத்தில் இருந்தார், கூப்பிடு தூரம். அவர்தான் மாட்டேன் என்றார்.

ஒரு நாள் அவரே ஆபீஸுக்கு வந்தார். கையில் ஒரு புரொமோட்டர் போட்டுக் கொடுத்த பிளான். என் மேஜையில் விரித்துக் காட்டினார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். நல்லது செய்கிறோம் என்றுதான் அவர் மனப்பூர்வமாக நம்பினார். "லிஃப்டு கீது, கார் பார்க்கிங் கீது. தம்பி குடும்பமும் நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன். அந்த வூடு யார் தலையிலயாவது விழுந்தா நீங்களா மேடம் பதில் சொல்வீங்க?" என்று கேட்டார். விழாமல் இருக்கத்தானே மானியம் என்றேன். மார்ச் நடுவில் அவருடைய மகளுக்குக் கல்யாணம், அந்த அலைச்சலில் பேச நேரமில்லை என்று பிளானைச் சுருட்டினார். "நீங்க பிறந்து வளர்ந்த வீடு பாய், கொஞ்சம் யோசியுங்க" என்று கடைசி அஸ்திரத்தை விட்டேன். வாசல் வரை போனவர் திரும்பினார்: "அந்த நடு ரூம்ல படுத்து வளர்ந்தவன் நானு. அங்க இருக்கற மூட்டைப்பூச்சிக்கும் சேர்த்து மானியம் உண்டா மேடம்?"

பந்தி வாசலில் ஒரு தாள்

யோசனை ஹமீதா அக்காவுடையது. "பன்னெண்டு பேரும் ஒரே இடத்துல சேர்றது கல்யாணத்துலதான். எங்க கபீர் மச்சான் பொண்ணு நிக்காஹுக்கு நீங்களும் வந்துடுங்க. மத்த பதினோரு பேர் கையெழுத்தாவது முடியும். மச்சானை அல்லா பாத்துப்பான்" என்றார். நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கைப்பைக்குள் சம்மதத் தாளையும் மைப்பெட்டியையும் வைத்துக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். பந்தி நடக்கும் ஹாலின் வாசலில், சந்தனமும் கற்கண்டும் வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். ஜமால் பாய் ஒவ்வொருவராகக் கூட்டிவந்தார். துபாய்க்காரர் ஸ்டைலாகப் போட்டார். இரண்டு அக்காமார் கைநாட்டு வைத்து, மை விரலைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே பிரியாணிக்குப் போனார்கள். ஒரு மணி நேரத்தில் பதினொன்று முடிந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரியப்பா அந்தப் பக்கம் வந்தார். தாடியும் அத்தர் வாசனையுமாகப் பெரிய மனிதர். பெண் வீட்டுக்காரர்கள் வரிசையாக வந்து எதிலோ கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நிக்காஹுக்குச் சாட்சிக் கையெழுத்து என்று நினைத்துவிட்டார். "பொண்ணு வூட்ல சின்னப்புள்ளைங்க வரைக்கும் போடுறாங்க. மாப்பிள்ளை வூட்ல ஒருத்தரைக் கூப்புடலையே? நாங்க என்ன சாப்புட மட்டும் வந்தவங்களா?" என்றார். சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள். இது வேறு தாள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஹமீதா அக்கா என் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினார். வீட்டுச் சண்டை சம்பந்திகளுக்குத் தெரியவே கூடாது, அதுவும் அன்றைக்கு. நான் பேசாமல் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது பேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். அத்தோடு முடிந்தது என்று மூச்சு விட்டேன். பெரியப்பா விடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நல்லகாலம் தலைப்பை விட்டுவிட்டு, பெண் வீட்டார் தாளில் பெயர்களை மட்டும் மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிக்கொண்டே வந்து, "எல்லாம் சரி. பொண்ணோட அத்தா கையெழுத்து எங்க?" என்று கேட்டார்.

கபீர் பாய் தால்சா வாளியோடு பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டார்கள், வந்தார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தம்பி மனைவியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, முகம் கறுத்தது. "என்ன பாய், இந்தச் சம்பந்தத்துல உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று பெரியப்பா பாதி விளையாட்டாகக் கேட்டார். மீதிப் பாதியில் விளையாட்டு இல்லை. கபீர் பாய் வாளியைக் கீழே வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். மற்ற பதினோரு பேர் பெயருக்கும் மேலே, தலைப்புக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவில் இருந்த இடத்தில், கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டார். சம்பந்தியைக் கட்டிப் பிடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மாறாமலே என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "சாப்ட்டுட்டுப் போங்க மேடம். திங்கக்கிழமை ஆபீஸ்ல இருப்பீங்க இல்ல?"

திங்கட்கிழமை

அந்தப் பிரியாணி எனக்கு இறங்கவில்லை. இரண்டு வருடம் ஏங்கிய தாள் கைக்கு வந்தும் மனசு அடித்துக்கொண்டது. ஒரு மனுஷனை மகள் கல்யாணத்தில், பத்துப் பேர் நடுவில் நிறுத்தி வாங்கிய கையெழுத்து. அதை வைத்துத்தான் ஹமீதா அக்காவின் கூரையை நிறுத்த வேண்டுமா? ஆனால் அந்த பெட்ஷீட்டை நினைத்தால் மறுபடி மனசு மாறும். திங்கட்கிழமை காலையில் பலராமன் சாரிடம் ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு தாளையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு கேட்டோம், இருபத்தொண்ணு வந்திருக்கு. வீடு விழறதுக்குள்ள வம்சம் விருத்தியாயிடுச்சா?" என்று கேட்டு, மாப்பிள்ளை வீட்டார் தாளை மட்டும் தனியாக உருவி என்னிடமே கொடுத்தார்.

பதினோரு மணிக்குக் கபீர் பாய் வந்தார். கல்யாண மருதாணி விரல் நுனியில் அப்படியே இருந்தது. அவர் பேசுவதற்குள் நானே தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "பாய், அன்னிக்கு நடந்தது எனக்கே பிடிக்கலை. உங்களுக்கு இஷ்டமில்லைன்னா இதை இங்கயே கிழிச்சுடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். மார்ச் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. அவர் தாளை எடுத்துத் தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தார். கிழிக்கத்தான் வந்தேன் என்று ஒப்புக்கொண்டார். "ஆனா இது என் பொண்ணு நிக்காஹ் அன்னிக்கு, அந்தச் சபையில போட்ட கையெழுத்து. இதைக் கிழிச்சேன்னா, நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட எனக்கு இந்தக் கிழிச்ச தாளுதான் ஞாபகம் வரும். வேணாம் மேடம். வெச்சுக்குங்க" என்று திருப்பி வைத்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பலராமன் சார்கூடப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கபீர் பாய் எழுந்து விறுவிறுவென்று போனார். படி வரை இறங்கியவர் என்ன நினைத்தாரோ, மறுபடி மேலே ஏறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்: "நடு ரூம் ஜன்னலு பச்சைக் கலரு. எங்க அத்தா அடிச்சது. நீங்க பாட்டுக்கு நீலம் கீலம் அடிச்சீங்கன்னு வையுங்க, அப்புறம் நான் நல்லவனா இருக்க மாட்டேன்."

மார்ச்சின் கடைசி வேலை நாளில் ஃபைல் பாஸானது. மழைக்கு முன்னால் நடு ரூம் சட்டங்கள் மாற்றி, தளம் போட்டு, ஜன்னலுக்குப் பச்சையும் அடித்தாயிற்று. ஒரே ஒரு வீடுதானா என்று மேலிடத்தில் முகம் சுளித்துத் திட்டத்தை மூடினார்கள். என் வேலையும் போயிற்று. இப்போது ஒரு புரொமோட்டர் ஆபீஸில் ஃப்ளாட்டுக்குப் பிளான் போடுகிறேன், வயிறு இருக்கிறதே.

இரண்டு வருடம் மொபெட்டும் டேப்புமாக நான் அலைந்ததில் எங்கள் நகராட்சி காப்பாற்றிய வீடு ஒன்றே ஒன்று, அதையும் காப்பாற்றியவர் அதை இடித்தே தீரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்ற மனிதர்.